மெஷின் ஓடுகிறது, சரி. கார்டு எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து ஒளிவிலகல் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. கடைசி பெஞ்ச்காரர்கள் பாதியில் எழுந்து போகலாம். அப்போதும் அதைத்தானே செய்தீர்கள்! ஆனால் தச்சு வேலை செய்பவர்கள், பழைய மெஷின் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், ஹார்டுவேர் கடையோ வைண்டிங் கடையோ வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். பழைய டிரில்லிங் மெஷின், இழைப்பு மெஷின், கட்டர் இவற்றை வாங்கிப் பிரித்து, உதிரிபாகம் தேடிப் போட்டு ஓட வைப்பது. இயற்பியல் வாத்தியார் 31 வருடம் கரும்பலகையில் மோட்டார் வரைந்தே காலம் ஓட்டியவன். நிஜ மோட்டாரைத் தொட்டுப் பார்க்க ஓய்வுக்குப் பிறகுதான் நேரம் வந்தது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் இதற்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம் மட்டும் எனக்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இந்த அனுபவத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய மரவேலை மெஷின் வாங்கினால் முதலில் எந்த உதிரிபாகத்தைத் தேட வேண்டும்? எந்தப் பாகம் இல்லாமலும் மெஷின் ஜோராக ஓடுமோ, அதைத்தான். நாம் எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் நடந்ததைச் சொன்னால்தான் இந்தப் பதிவுக்கு அர்த்தம்.

சென்ற வருடம் சித்திரை மாதம். என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன, இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கதவு, ஜன்னல், கட்டில், பூஜை அலமாரி என்று நல்ல வேலைக்காரன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. கையில் ஒரு சாக்குப்பை.

"சார், கட்டர் மெஷின் ஒண்ணு பழசு வாங்கிருக்கேனுங்க. ஸ்விட்சு போட்டா பொறி பொறியா வருதுங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

ஏழு இஞ்சு பிளேடு போடும் சர்க்குலர் சா. நல்ல கம்பெனிதான், பெயர் வேண்டாம். ஒரு பெரிய ஹோட்டல் வேலை முடிந்ததும் கான்ட்ராக்டர் மொத்தமாகத் தள்ளிவிட்ட மெஷின்களில் ஒன்று. இவனுக்கு 1800 ரூபாய்க்குக் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து நுனியாக நின்றன. ஆர்மெச்சரைப் பிடித்து ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம். மற்றபடி மெஷின் கல் மாதிரி இருந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் எடுத்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெஷினுக்குப் பாகம் தேடுவதில் பாதி வேலை, வாங்கும்போதே முடிந்துவிட வேண்டும். மெஷினின் வயிற்றில் ஒட்டியிருக்கும் பெயர்த் தகட்டைப் பாருங்கள். மாடல் எண், அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து, வோல்ட், சுற்று வேகம் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒற்றை வால் எழுத்து மாறினால்கூட உள்ளே ஆர்மெச்சர் வேறாக இருக்கலாம். மகிட்டா, போஷ் போன்ற பெரிய கம்பெனிகள் தங்கள் மெஷின்களைத் திருகு திருகாகப் பிரித்துக் காட்டும் படங்களை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. போஷ் என்றால் மெஷினுக்கே பத்து இலக்க எண். அந்த எண் கையில் இருந்தால் கடைக்காரரிடம் "அந்தக் கறுப்பா, உருண்டையா, இப்படி வளைஞ்சு" என்று அபிநயம் பிடிக்க வேண்டியதில்லை. தகடு கிழிந்துபோன மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன். ஜாதகம் இல்லாத வரன் அது.

பேரிங் விஷயத்தில் பயமே வேண்டாம். உலகம் முழுக்க ஒரே மொழி பேசும் பொருள்கள் குறைவு. பேரிங் எண் அதில் ஒன்று. 6201 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32, தடிமன் 10. ஜப்பானில் செய்தாலும் ஸ்வீடனில் செய்தாலும் புனேயில் செய்தாலும் அதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 608 மாதிரி மூன்று இலக்கம் என்றால் கடைசி இலக்கமே உள்விட்டம், 8 மில்லிமீட்டர். கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கும் பேரிங்கையே பேரிங் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கினால் விலை இறங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். இசட்இசட் என்று போட்டிருப்பது தகர மூடி, 2ஆர்எஸ் என்று போட்டிருப்பது ரப்பர் மூடி. மரத்தூளில் கிடக்கும் மெஷினுக்கு ரப்பர் மூடிதான் நல்லது. சில கம்பெனிகள் அதையே டிடியு என்றும் எல்எல்யு என்றும் எழுதும், குழம்ப வேண்டாம். அதோடு அந்தச் சுற்று வேகத்தை அது தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்பன் பிரஷ்ஷுக்கும் எண் உண்டு. மகிட்டா பிரஷ்ஷில் சிபி என்று தொடங்கி ஓர் எண் அச்சாகியிருக்கும்; எதுவரை தேயலாம் என்பதற்கு ஒரு கோடும் இருக்கும். எண் அழிந்துபோனால் அகலம், தடிமன் இரண்டையும் வெர்னியரில் அளந்து கொண்டுபோங்கள். (வெர்னியர் ஞாபகம் இருக்கிறதா? அதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு திட்டு வாங்கினீர்கள்.) கொஞ்சம் பெரிய கட்டையை உப்புத்தாளில் தேய்த்து உட்கார வைக்கலாம். சின்னதை மட்டும் போடாதீர்கள். கூட்டுக்குள் ஆடும், பொறி பறக்கும், கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். புது பிரஷ் போட்டு, அது படிந்த பிறகும் கம்யூட்டேட்டரைச் சுற்றி நீல வளையம் மாதிரி பொறி ஓடினால் நோய் ஆர்மெச்சரில் இருக்கிறது.

ஆர்மெச்சர் போனால் காயில் கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். கோயம்புத்தூரில் வைண்டிங் கடைக்கா பஞ்சம்? தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் நம் ஊர் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கைமெஷின் ஆர்மெச்சர் வேறு ஜாதி. ஒரு பக்கம் வார்னிஷ் கூடினாலே அதிரும். பேலன்ஸ் பார்த்துத் தருகிறவரிடம் மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். வாங்கும்போது நுனியில் உள்ள பல்லை எண்ணுங்கள், பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பல் வித்தியாசத்தில் நான் ஒரு தடவை 900 ரூபாய் தொலைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். பேரிங் அன்றைக்கே கிடைத்தது. கார்பன் பிரஷ் மூன்று வாரம் இழுத்தது. அந்த மாடல் நின்றுபோய்ச் சில வருடமாகியிருந்தது. நான் ஐந்து கடை ஏறினேன், பையன் திருப்பூர், ஈரோடு வரை கேட்டான். கடைசியில் காந்திபுரத்துச் சந்து ஒன்றில் ஒரு பெரியவர் டப்பாவைக் கவிழ்த்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். 90 ரூபாய். மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் பாடிய பாட்டில் எனக்கு ரேங்க் ஹோல்டர் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன்.

பிளேடின் கீழ்ப் பாதியை மூடும் தகடு, கீழ் கார்டு என்பார்கள், அது மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ கட்டியது. அதை இழுத்து மூடும் ஸ்பிரிங் அறுந்திருந்தது. நான் பார்த்தேன். "கார்டை என்னப்பா கட்டி வெச்சிருக்காங்க?" என்றும் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அது இருந்தா போட்ட கோடு தெரியாதுங்க சார். எல்லாருமே கட்டித்தான் ஓட்டுறாங்க. பழகிருச்சுங்க."

நானும் சிரித்தேன். அவ்வளவுதான். 90 ரூபாய் பிரஷ்ஷுக்கு மூன்று வாரம் அலைந்த இரண்டு பேரும், அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. ஏனென்றால் அது இல்லாமலே மெஷின் ஓடியது.

ஆடி மாதம் நடந்தது. பலகையை அறுத்து முடித்து, ஸ்விட்சை விட்டுவிட்டு, வழக்கம்போல மெஷினைப் பக்கத்தில் கிடந்த பிளைவுட் மேல் வைத்திருக்கிறான். ஸ்விட்சை விட்டதும் பிளேடு நிற்பதில்லை. சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். கார்டு இருந்திருந்தால் மூடியபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும். இது பல்லால் பிளைவுட்டைக் கடித்து வண்டிச்சக்கரம் மாதிரி அவன் பக்கமே ஓடி வந்தது. பலகையைப் பிடித்திருந்த இடது கையில் ஏறியது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நரம்பு அறுந்து, எலும்பும் சேதம். ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். நான்கு மாதம் வேலை இல்லை. இன்றைக்கும் அந்த இரண்டு விரலும் முழுதாக மடங்காது. உளியைப் பிடிக்கிறான், முன்பு பிடித்த மாதிரி இல்லை. எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னிடம், "நீங்க பார்த்துச் சரி பண்ணிக் குடுத்த மெஷினுன்னு தைரியமா ஓட்டுனானுங்க வாத்தியாரே" என்றார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அதனால்தான் அது இன்னும் போகமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ போட்டிருக்க வேண்டிய கணக்கு. பிளேடு விட்டம் 185 மில்லிமீட்டர். 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 581 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5000 சுற்று. பல்லின் வேகம் விநாடிக்கு 48 மீட்டர், அதாவது மணிக்கு 174 கிலோமீட்டர். நான்கு இஞ்சு கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் மணிக்கு 207 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பஸ் ஒன்று வந்தால் ரோட்டோரம் நிற்கக்கூட நம் யாருக்கும் தைரியம் வராது. முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து ஓட்டுகிறோம். வட்ட இயக்கத்தில் நேர்கோட்டு வேகம் என்று வருடா வருடம் ஐந்து மார்க் கேள்வி கொடுத்தவன் நான்.

பிறகு அந்த ஸ்பிரிங்கைத் தேடப் போனேன். அது தனிக் கதை. ஒரு சர்வீஸ் சென்டரில், "கார்டெல்லாம் யாரும் கேக்கறதில்லைங்க சார், அதனால ஸ்டாக் வெக்கிறதில்லை" என்றார்கள். கண்ணாடி அலமாரியில் கார்பன் பிரஷ் மட்டும் மாலை மாலையாகத் தொங்குகிறது. இன்னொரு கடையில் ஸ்பிரிங் தனியாக வராது, முழு செட்டாக ஆர்டர் போடலாம், முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பாகப் படத்தில் அந்த ஸ்பிரிங்குக்குத் தனி எண் இருந்தது; அதைக் காட்டிய பிறகுதான் சரியென்று எழுதிக்கொண்டார்கள். 19 நாளில் வந்தது. விலை 45 ரூபாய்.

45 ரூபாய். ஆபரேஷனுக்கு அவன் வாங்கிய கடனை இங்கே எழுத மாட்டேன்.

இதில் ஆசாரிகளைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அவர்கள் சொல்லும் காரணமும் பொய்யில்லை. கீழ் கார்டு மரப்பிசினும் தூளும் ஏறி இறுகிக்கொள்ளும். சாய்வு வெட்டில் பலகை விளிம்பில் முட்டி நிற்கும். குனிந்து கோடு பார்க்கும்போது மறைக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை முட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும், கட்டுக்கம்பி பக்கத்திலேயே கிடக்கும். ஆனால் பிசினை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்து, ஸ்பிரிங்கை மாற்றினால் முக்கால்வாசித் தொல்லை போய்விடுகிறது. இப்போது நானே ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கார்டு தொந்தரவு செய்கிறது என்பதே, அது ரிப்பேர் என்பதற்கு அடையாளம். மெஷினில் பொறி வந்தால் ரிப்பேர் என்று ஓடி வருகிறோம். கார்டு முட்டினால் ரிப்பேர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பாகம் வர மூன்று வாரம் ஆகும்போது ஆசாரி சும்மா இருப்பாரா? வாசக்காலுக்குத் தேதி குறித்திருக்கும், கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்திருப்பார்கள். டைல்ஸ்காரரிடம் மார்பிள் கட்டரை இரவல் வாங்கி, அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி ஓட்டுவார். அல்லது கிரைண்டரின் கார்டைக் கழற்றிவிட்டு அதில் மாட்டுவார். நம் ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். கல்லைத் தேய்க்கும் வட்டுக்குப் பல் கிடையாது. மர பிளேடு அப்படியல்ல; பல் கடித்தால் மெஷினே கையைவிட்டு எகிறும். பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று வேகம் அச்சிட்டிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. என் பையனும் அந்த மூன்று வாரமும் மார்பிள் கட்டரில்தான் ஓட்டினானாம். அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் கார்பன் பிரஷ் கிடைக்காததால் விரல் போனது என்று எழுதியிருப்பேன்.

ஆகவே உதிரிபாகம் சீக்கிரம் கிடைப்பது பணம் மிச்சம் பண்ணும் சமாச்சாரம் மட்டும் இல்லை.

"பழசை எதுக்கு மாமா கட்டிட்டு அழறீங்க, புதுசு ஆன்லைன்ல மூவாயிரத்துக்கு வருதே" என்று போன வாரம் கல்யாண வீட்டில் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. புது மெஷினில் கார்டு இருக்கும், ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் மூவாயிரம் ரூபாய்ப் பெயர் தெரியாத மெஷினுக்குப் பாகப் படம் இருக்கிறதா? பாகத்துக்கு எண் இருக்கிறதா? ஒரு வருடம் கழித்து அதன் ஸ்பிரிங் அறுந்தால் 19 நாள் இல்லை, 19 வருடம் காத்திருந்தாலும் வராது. அப்போது அதிலும் கட்டுக்கம்பிதான். பெயருள்ள கம்பெனியின் பத்து வருடப் பழைய மெஷினுக்கு அலைந்தாலாவது கிடைக்கிறது. வசதியிருந்தால் நல்ல கம்பெனி மெஷினைப் புதிதாக வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல கம்பெனி மெஷினைப் பழையதாக வாங்குங்கள். நடுவில் இருக்கும் அந்த மூன்றாவதுதான் எனக்கு ஆகாது. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது.

வளைகுடாவில் இருந்து வரும்போது மெஷின் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சவுதியில் பழைய வீடுகளில் 127 வோல்ட் ஓடியது. அந்தக் காலத்து மெஷினை இங்கே 230-இல் சொருகினால் புகைதான். வோல்ட் சரியாக இருந்தாலும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பிரஷ் உள்ள கைமெஷினுக்கு இது பொருட்டில்லை. டேபிள் சா மாதிரி பிரஷ் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டார் என்றால் 3450 சுற்று ஓடியது 2850-க்கு இறங்கும், சூடும் ஏறும். தகட்டைப் போட்டோ எடுத்து முதலில் எனக்கு அனுப்புங்கள், பிறகு பெட்டி கட்டுங்கள். பேட்டரி மெஷின் பழசு வாங்குவதாக இருந்தால் அந்த பேட்டரி இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்பது ஒன்றைப் பார்த்தால் போதும்.

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. பொருளை விற்ற கம்பெனி உதிரிபாகத்தையும் ரிப்பேர் விவரத்தையும் வாங்கினவருக்குத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வருடம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், மொபைலும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். நல்ல காரியம்தான். ஆனால் மொபைல் பழுதானால் ஒரு நாள் வாட்ஸ்அப் பார்க்க முடியாது, அவ்வளவுதானே. தச்சரின் கைமெஷினுக்கு அந்த நான்கில் தனி இடம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதிலும், ஒரு மாடல் நின்றுபோனாலும் கார்டு, அதன் ஸ்பிரிங், பிளேடை இறுக்கும் வாஷர் ஜோடி இவற்றை மட்டுமாவது கம்பெனி நீண்ட நாள் தனித்தனியாக விற்றே ஆக வேண்டும் என்று விதி வேண்டும். சட்டம் தெரிந்த என் மாணவர்கள் மூன்று பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். மனு எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள், எழுத நான் இருக்கிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாமே.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஏழு பேரை எனக்குத் தெரியும். அதிகம் ஓடும் இரண்டு மூன்று மாடல்களுக்குக் கீழ் கார்டு ஸ்பிரிங் பத்து வாங்கி, கார்பன் பிரஷ் தொங்கும் கம்பியிலேயே தொங்கவிடுங்கள். பிரஷ் கேட்டு வருகிறவரிடம் "ஸ்பிரிங் சரியா இருக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்காமல் தங்கினால் அந்தப் பணத்தை நான் தருகிறேன், பென்ஷன் வருகிறது.

வைண்டிங் கடைக்காரர்களே, கார்டு கட்டிய மெஷின் ரிப்பேருக்கு வந்தால், திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கட்டுக்கம்பியை வெட்டிவிட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளர் முறைப்பார். முறைக்கட்டும்.

வாங்குகிறவர்களே, பேரம் பேசும்போதே கார்டைத் தூக்கி விட்டுப் பாருங்கள். டப்பென்று மூட வேண்டும். மூடவில்லையென்றால் விலையில் குறைத்துக் கேளுங்கள், அந்தப் பணத்துக்குப் பாகத்தை வாங்கி மாட்டிய பிறகே பிளேடைப் போடுங்கள். அதே மாடல் செத்த மெஷின் ஒன்று பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மோட்டார் கருகியிருந்தாலும் கார்டு கருகியிருக்காது. பிளேடு வாஷர் தொலைந்திருந்தால் சைக்கிள் கடை வாஷரைப் போடாதீர்கள். லேத் பட்டறையில் மாதிரியைக் காட்டிக் கடைந்து வாங்கலாம், நம் ஊரில் அதற்கு ஆள் உண்டு. தகர டப்பாவை வெட்டிக் கார்டு செய்யும் வித்தை மட்டும் வேண்டாம். என்னிடமே ஒருவர் பெருமையாகக் காட்டினார். பழைய எண்ணெய் டின்னில் பிராண்டு பெயர்கூடத் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு அவன் பட்டறைக்குப் போயிருந்தேன். மெஷின்களை வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். அந்தக் கட்டரும் இருந்தது. விற்றுவிடுவான் என்று நினைத்தேன், விற்கவில்லை. கார்டைத் தூக்கி விட்டுக் காட்டினான். மூடியது. "இப்ப பையன்களையும் கட்ட விடறதில்லைங்க சார்" என்றான். பக்கத்துப் பட்டறையில் இரண்டு மெஷின் கட்டியே இருக்கின்றனவாம். அவற்றின் மாடல் எண்ணை எழுதி வாங்கி வந்திருக்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி. அவன் இப்போது பழைய டேபிள் சா ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், பத்து இஞ்சு. மோட்டார் நன்றாக இருக்கிறது. பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய கத்தித் தகடு இல்லை. அறுபட்ட மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வி நம் மேலேயே உதைக்காமல் தடுப்பது அதுதான். அந்தக் கம்பெனி இப்போது இந்த மாடலுக்குப் பாகம் தருவதில்லை. தகட்டின் தடிமன், பிளேடின் உடலைவிட அதிகமாகவும் பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். அவனுடைய பிளேடில் உடல் 1.8 மில்லிமீட்டர், அறுப்பு 2.8. எனவே 2.2 முதல் 2.5 வரை ஸ்டீல் தகட்டில் வெட்ட வேண்டும். அட்டையில் வடிவம் வெட்டி வைத்திருக்கிறேன். கணபதி, பீளமேடு பக்கம் லேசர் கட்டிங் வைத்திருக்கும் மாணவர் யாராவது இருந்தால் மெசஞ்சரில் சொல்லுங்கள். இந்தத் தடவை அந்தத் தகடு வந்த பிறகுதான் மற்ற எதையும் தொடுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். முன்பணம் கொடுக்க அவனுக்கு அவசரம். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.